தொண்ணூற்றேழு வயதில் ஒரு தையல்

2005 டிசம்பர் 31, சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், தன் வீட்டுப் படிப்பறையில் ஒரு முதியவர் தனியாக உட்கார்ந்து சொற்பொழிவு ஒன்றுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சின் மேற்பகுதியில் ஒரு வலி. கிழித்துக்கொண்டே இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே போனது. அங்கிருந்து கழுத்துக்கு ஏறியது. மாரடைப்பு, இன்னும் சில நொடிகளில் இதயம் நின்றுவிடும் என்றுதான் முதலில் நினைத்தார். நிற்கவில்லை. துடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அவருக்கு வேறு சந்தேகம் வந்தது: பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கிறது.

ஆம்புலன்ஸுக்கு அவர் போன் போடவில்லை. மனைவியும் மகளும் வீடு திரும்பியபோது சோபாவில் படுத்திருந்தவர், தசைப்பிடிப்பு என்று சொல்லிச் சமாளித்தார். அவருக்கு வயது 97. பெயர் மைக்கேல் டிபேக்கி. பெருந்தமனி கிழிந்தால் எப்படித் தைப்பது என்பதை அரை நூற்றாண்டுக்கு முன் உலகுக்குக் காட்டிய அறுவை மருத்துவர் அவர்தான். அந்தக் கிழிசல்களுக்கு வகை பிரித்து எண் கொடுத்தவரும் அவரே. மருத்துவ மாணவர்கள் இன்றும் ‘டிபேக்கி வகை 1, 2, 3’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். மூன்று நாள் கழித்து எடுத்த ஸ்கேன், அவருக்கு வந்திருப்பது வகை 2 என்றது.

நம் ஊரில் 97 வயதில் ஒருவர் இறந்தால் அதைக் கல்யாணச் சாவு என்பார்கள். மேளம் வைத்து, பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்து வழியனுப்புவார்கள். அந்த வயதில் நெஞ்சைப் பிளந்து அறுவை சிகிச்சை என்று யாராவது பேச்செடுத்தால் வீட்டில் உள்ள பெரியவர்களே அதட்டி உட்கார வைத்துவிடுவார்கள். ஹூஸ்டனிலும் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. ஆனால் அங்கே பேச்சு அதோடு முடியவில்லை.

அந்தக் கதைக்குப் போகுமுன் பெருந்தமனி என்ற அந்தக் குழாயைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி கைப்பிடி போல மேலே ஏறி, வளைந்து, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. தொடக்கத்தில் அதன் குறுக்களவு சுமார் 3 செ.மீ. ஒல்லியான ஒருவர் மல்லாந்து படுத்து, தொப்புளுக்குச் சற்று மேலே விரல்களை ஆழமாக அழுத்தினால் அது துடிப்பது கைக்குத் தெரியும். செய்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. துடிப்பு இருப்பது இயல்பு. உள்ளங்கை அகலத்துக்குப் பரவித் துடித்தால்தான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அதை வெறும் குழாய் என்று சொல்வது அதற்குச் செய்யும் அநியாயம். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அரை டம்ளர் காபி அளவுக்கு ரத்தத்தைத் தள்ளுகிறது. அந்த நொடியில் பெருந்தமனி விரிந்து அதில் ஒரு பகுதியைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் நொடியில் சுருங்கி, பிடித்து வைத்ததை முன்னே அனுப்புகிறது. விட்டு விட்டு அடிக்கும் பம்பிலிருந்து விடாமல் ஓடும் ஆறு ஒன்று உண்டாவது இப்படித்தான். இந்த விரிந்து சுருங்கும் வேலையைச் செய்வது எலாஸ்டின் என்ற புரதம். பள்ளிக்கூட நோட்டின் கோடுகள் போல அடுக்கடுக்காக அது சுவரின் நடு அடுக்கில் இருக்கிறது.

சிக்கல் அங்கேதான். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் நெய்து முடித்த எலாஸ்டினை உடல் அதன்பின் ஏறக்குறைய நெய்வதே இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்த துணியைத்தான் கடைசிவரை உடுத்த வேண்டும். நாளைக்கு ஒரு லட்சம் முறை இழுத்து விடப்படும் துணி. 97 வயதுக்குள் அது சுமார் 350 கோடி முறை இழுபட்டிருக்கும். பழைய பாவாடையின் எலாஸ்டிக் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்: இழுத்தால் வரும், விட்டால் திரும்பாது. முதுமையில் பெருந்தமனி விறைத்து, நீண்டு, கொஞ்சம் அகன்றும் போகிறது. சிலருக்கு ஒரே இடத்தில் பலூன் போலப் புடைத்துவிடுகிறது. இதைத்தான் மருத்துவர்கள் அனியூரிசம் என்கிறார்கள். சைக்கிள் டியூபில் காற்றடிக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பொம்மென்று கிளம்புமே, அதே கதைதான். கிளம்பிய இடம் மேலும் கிளம்பும். ஏனென்றால் உள்ளே அழுத்தம் அதேதான் என்றாலும், ஆரம் பெரிதாகப் பெரிதாகச் சுவர் தாங்க வேண்டிய இழுவிசை கூடுகிறது. பெரிய புடைப்பு சின்னப் புடைப்பைவிட வேகமாகப் பெரிதாவது இதனால்தான்.

டிபேக்கிக்கு வந்த கிழிசல், அதாவது டிசெக்‌ஷன் இன்னொரு வகை. வாழைமரத்தை வெட்டிப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். மட்டைக்குள் மட்டையாகச் சுற்றியிருக்கும் அடுக்குகளில் உள்மட்டை ஒரு இடத்தில் கீறிவிட்டால் போதும், தண்ணீர் இரண்டு மட்டைகளுக்கு நடுவே புகுந்து பிரித்துக்கொண்டே போகும். பெருந்தமனியில் புகுவது ரத்தம், அதுவும் முழு அழுத்தத்தோடு. சுவருக்குள்ளேயே ஒரு பொய்வழி உண்டாகிறது. அந்தப் பொய்வழி மூளைக்குப் போகும் கிளையை அடைக்கலாம், சிறுநீரகத்துக்குப் போவதை அடைக்கலாம். வெளிமட்டையும் கிழிந்தால் இதயத்தைச் சுற்றியுள்ள பையில் ரத்தம் நிறைந்து இதயத்தையே நெரித்துவிடும். இங்கிலாந்தின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் 1760-இல், காலையில் கழிப்பறைக்குப் போன இடத்தில் விழுந்து இறந்தது இப்படித்தான் என்று அவரது பிரேதப் பரிசோதனைக் குறிப்பிலிருந்து தெரிகிறது. இந்த நோய்க்குக் கிடைத்த தொடக்க காலத் தெளிவான பதிவுகளில் அதுவும் ஒன்று.

இதயத்திலிருந்து மேலேறும் பகுதியில் கிழிசல் வந்து, அறுவை செய்யாமல் விட்டால், முதல் இரண்டு நாட்களில் மணிக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேர் வீதம் இறப்பார்கள் என்று நெடுங்காலமாகப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. அண்மைக்காலப் பதிவுகள் அந்த வேகத்தைக் குறைத்துச் சொல்கின்றன. எப்படிப் பார்த்தாலும் கணக்கு மணியில்தான் நடக்கிறது.

டிபேக்கி அந்த மணிகளைத் தாண்டிவிட்டார். மருத்துவமனையில் சேரச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். ஜனவரி 6-ஆம் தேதி ஒப்புக்கொண்டிருந்த சொற்பொழிவை நிகழ்த்தவும் போனார். மயங்கி விழுந்தால் தாங்கிப் பிடிப்பதற்காக அவருடைய மருத்துவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வாரம் கடந்த பிறகுதான் மெதடிஸ்ட் மருத்துவமனைக்கு வந்து படுத்தார். ஜனவரி 3 அன்று 5.2 செ.மீ. இருந்த பெருந்தமனி, ஜனவரி கடைசியில் 6.6 ஆகியிருந்தது. பிப்ரவரி 9 அன்று 7.5. அதற்குள் அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது.

அவரது மருத்துவக் குறிப்பேட்டில், அறுவை சிகிச்சை வேண்டாம், இதயம் நின்றால் மீட்டெடுக்க முயல வேண்டாம் என்று எழுதியிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று, அவர் எதை வேண்டாம் என்றார் என்று பார்க்கலாம். ஏறுபெருந்தமனியை மாற்றும் அறுவையில் மார்பெலும்பை நீளவாக்கில் அறுத்துத் திறக்கிறார்கள். ரத்தத்தை உடலிலிருந்து வெளியே எடுத்து, இயந்திரத்தில் ஆக்சிஜன் ஏற்றி, குளிரவைத்து, திரும்பச் செலுத்துகிறார்கள். இதயத்தை நிறுத்துகிறார்கள். கிழிசல் வளைவு வரை போயிருந்தால் அத்துடன் முடியாது. உடலை 18, 20 டிகிரி செல்சியஸ் வரைகூடக் குளிர்வித்து, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டுத் தைக்க வேண்டியிருக்கும். அந்தக் குளிரில் மூளைக்குப் பசி குறைவு. அரை மணி நேரம் போல அது பொறுத்துக்கொள்ளும். தலையைச் சுற்றி ஐஸ் பை, சுவரில் கடிகாரம். மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் அனுப்பும் முறை வந்த பிறகு அவகாசம் கொஞ்சம் கூடியிருக்கிறது.

தைக்கும் இடமோ புதுத்துணி இல்லை. கிழிந்துபோன முதிய பெருந்தமனி தண்ணீரில் ஊறிய அப்பளம் போன்றது. ஊசி நுழைந்த இடமெல்லாம் புதுக் கிழிசலாக மாறப் பார்க்கும். அதனால் உள்ளும் புறமும் டெஃப்லான் கம்பளிப் பட்டைகளை வைத்து, நடுவே சுவரைப் பிடித்து, மெல்லிய நீலநிற நைலான் போன்ற நூலால் தைக்கிறார்கள். முதியவரின் சுவரில் சுண்ணாம்பும் படிந்திருக்கும். கவ்வியைப் போடும்போது ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். வேலை மார்பின் கீழ்ப்பகுதியில் என்றால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கும் அபாயமும் உண்டு. இதையெல்லாம் முதன்முதலில் செய்து, தவறி, கற்று, கற்றுக்கொடுத்தவருக்குத் தன் உடலில் இது எப்படிப் போகும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

மாற்றாக வைக்கும் குழாயின் கதை தனிச்சுவை கொண்டது. 1950-களில் டிபேக்கி செயற்கைத் தமனிக்குத் துணி தேடி ஹூஸ்டன் கடைவீதிக்குப் போனார். அவர் கேட்டது நைலான். கடையில் தீர்ந்துவிட்டது. புதுசா டெக்ரான்னு ஒண்ணு வந்திருக்கே என்று கடைக்காரர் நீட்டியதில் கொஞ்சம் கிழித்து வாங்கிக்கொண்டு வந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தானே குழாயாகத் தைத்தார். தையல், சிறுவயதில் அம்மா சொல்லிக்கொடுத்தது. நைலான் உடலுக்குள் நாளடைவில் நைந்துபோகும் என்பது பின்னால் தெரியவந்தது. டெக்ரான் நைவதில்லை. அன்று கடையில் சரக்கு தீர்ந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்குக் கொஞ்சம் நடுக்கமாகவே இருக்கும். அந்த டெக்ரான் வேறொன்றுமில்லை, பாலியஸ்டர். நம் அப்பாக்கள் போட்டிருந்த டெரிகாட்டன் சட்டையில் பாதி எதுவோ, அதுதான்.

முடிதுறந்த இங்கிலாந்து மன்னர், வின்ட்சர் கோமகன், 1964-இல் தன் 70 வயதில் வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்போடு ஹூஸ்டனுக்கு வந்தபோது அவருக்கும் டிபேக்கிதான் அறுவை செய்தார். கோமகன் 1972 வரை வாழ்ந்து, புற்றுநோயால் இறந்தார். பெருந்தமனியை ஒட்டுப்போட்ட முதியவர்கள் பலரின் கதை இப்படித்தான் முடிகிறது. ஒட்டு நிற்கும், வேறு ஏதாவது முந்திக்கொள்ளும்.

இந்த வரியில்தான் முதியவர்களின் பெருந்தமனி அறுவை பற்றிய கேள்வி முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். குழாயைச் சரிசெய்ய முடியுமா என்பது இப்போது பெரிய கேள்வி இல்லை. குழாய் சரியானால் ஆளுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

வயிற்றுப் பெருந்தமனிப் புடைப்பில் இதற்குக் கறாரான விடைகள் உண்டு. அது வெடிக்கும்வரை பெரும்பாலும் வலியே தராது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும். பார்த்ததும் எடுத்துவிடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரிட்டனில் 1,090 பேரை இரண்டு பிரிவாக்கி, 4-லிருந்து 5.5 செ.மீ. வரையான புடைப்புகளை ஒரு பிரிவில் உடனே அறுவை செய்து, மறுபிரிவில் ஸ்கேனில் கண்காணித்து மட்டும் வந்தார்கள். 1998-இல் முடிவு வந்தது. உயிர்வாழ்வில் வித்தியாசம் இல்லை. சின்னப் புடைப்பு வெடிக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று போல. அறுவையால் ஒரு மாதத்துக்குள் இறந்தவர்களோ நூற்றுக்கு ஐந்தாறு பேர். அதனால்தான் ஆண்களுக்கு 5.5 செ.மீ. என்ற எல்லைக்கோடு.

பிறகு வயிற்றைத் திறக்காமலே சரிசெய்யும் வழி வந்தது. 1990 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஹுவான் பரோடி, தொடையிடுக்கில் உள்ள தமனி வழியாக, மடித்த துணிக்குழாயைக் கம்பிச்சுருளோடு உள்ளே தள்ளி, புடைப்பின் நடுவே விரித்துவிட்டார். குடைக்குள் குடை என்று வைத்துக்கொள்ளலாம். சோவியத் உக்ரைனின் கார்கிவில் நிக்கலாய் வோலோடோஸ் அதற்கு முன்பே, 1987-இல், மார்புப் பெருந்தமனியில் இதைச் செய்திருந்தார். உலகுக்குத் தெரியத்தான் நாளாயிற்று. முதியவர்களுக்கு இது வரப்பிரசாதம். 2004-இல் வந்த பிரிட்டன் ஆய்வில் திறந்த அறுவைக்குப் பின் 30 நாளில் இறந்தவர்கள் 4.7 சதவீதம், குழாய்வழி முறையில் 1.7.

ஆனால் குழாய்வழி முறையில் பழைய புடைப்பு உள்ளேயே இருக்கிறது. ஓரங்களில் கசியலாம், குழாய் நழுவலாம். ஆயுள் முழுக்க ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு மேல் போனால் வயிற்றைத் திறந்து தைத்தவர்களே நன்றாக இருந்தார்கள் என்று அதே ஆய்வின் நீண்டகாலக் கணக்கு காட்டியது. 65 வயதுக்காரருக்கு இது யோசிக்க வேண்டிய சேதி. 88 வயதுக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். எட்டு ஆண்டு கழித்து வரப்போகும் கசிவைப் பற்றி அவருக்கென்ன கவலை? ஒரே குறை, இரண்டு வயதில் இரண்டு எடை.

இன்னொரு ஆய்வு இதைவிடக் கசப்பானது. திறந்த அறுவையைத் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட 338 பேரை எடுத்துக்கொண்டார்கள். இதயம் பழுது, நுரையீரல் பழுது, சிறுநீரகம் பழுது. பாதிப் பேருக்குக் குழாய்வழி சிகிச்சை, மீதிப் பேருக்கு ஒன்றும் செய்யவில்லை. 2005-இல் கணக்குப் பார்த்தபோது மொத்த உயிரிழப்பில் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. நீண்டகாலக் கணக்கில், சிகிச்சை பெற்றவர்களிடையே புடைப்பால் இறந்தவர்கள் குறைவுதான். ஆனால் அவர்கள் வேறு நோய்களால் ஏறக்குறைய அதே வேகத்தில் இறந்துகொண்டிருந்தார்கள். கூரையை மாற்றினோம், அஸ்திவாரத்தை யாரும் பார்க்கவில்லை.

அப்படியானால் 80-ஐத் தாண்டியவரைத் தொடவே கூடாதா? அவசரக் கிழிசலில் கணக்கு மறுபடி திரும்புகிறது. பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் பதிவேட்டில் 80 வயது தாண்டியவர்களைத் தனியே பார்த்தார்கள். ஏறுபெருந்தமனி கிழிந்து அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 38 சதவீதம் பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். மருந்து மட்டும் கொடுக்கப்பட்டவர்களில் 55. எண்ணிக்கை சிறியது, உறுதியாகச் சொல்ல அது போதாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். இதில் இன்னொன்றும் உண்டு. அறுவைக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏற்கனவே தெம்பானவர்களாக இருந்திருப்பார்கள். எப்படியும் ஒன்று தெரிகிறது. வயது 80 என்பது மட்டுமே கதவைச் சாத்தக் காரணமாகாது.

தெம்பை அளப்பதெப்படி? பிறந்த ஆண்டைப் பார்த்தால் தெரியாது. 85 வயதில் மாடிப்படி ஏறி வடாம் காயப்போடும் பாட்டியும் உண்டு, 70-இல் நாற்காலியிலிருந்து எழக் கைகொடுக்க வேண்டிய தாத்தாவும் உண்டு. கனடாவின் மாண்ட்ரியலில் ஒரு குழுவினர் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்த்தார்கள். இதய அறுவைக்குக் காத்திருக்கும் 70 வயதுக்கு மேற்பட்டவர்களை 5 மீட்டர் தூரம், வழக்கமான நடையில் நடக்கச் சொன்னார்கள். கையில் ஒரு ஸ்டாப்வாட்ச். 6 நொடி அல்லது அதற்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கு அறுவைக்குப் பின் மரணமோ பெரிய சிக்கலோ வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. கோடிக்கணக்கில் விலைபோகும் ஸ்கேனர்கள் நிற்கும் கட்டடத்தில், ஐந்து மீட்டர் வராந்தா சொல்லிவிடுகிறது. நடை என்பது காலின் வேலை மட்டுமல்ல. இதயம், நுரையீரல், தசை, காது, கண், மூளை எல்லாம் சேர்ந்து போடும் கையெழுத்து அது.

நொடிந்துபோன உடலுக்கு அறுவை மேசையில் வருவதைவிட, அதற்குப் பின் ஐ.சி.யூ.வில் வருவதே பெரிய சோதனை. படுத்த படுக்கையில் தசை நாளுக்கு நாள் கரைகிறது. ராத்திரி பகல் தெரியாத வெளிச்சத்தில் சித்தம் கலங்கி, பெற்ற மகளையே யார் நீ என்று கேட்பார்கள். பலருக்கு அது சில நாளில் தெளியும், சிலருக்கு முழுதாகத் தெளிவதில்லை. அறுவை வெற்றி என்று வெளியே வந்து சொல்லும் மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஆனால் வீட்டார் கேட்பது, அப்பா பழையபடி வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பாரா என்று. இரண்டுக்கும் நடுவே பல மாத தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை முன்கூட்டியே சொல்லாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேண்டாம் என்று சொன்ன ஒரு கிழவரும் இருக்கிறார். ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு வயிற்றுப் பெருந்தமனியில் புடைப்பு. 1948 டிசம்பரில் ருடால்ஃப் நிஸ்ஸன் வயிற்றைத் திறந்து, புடைப்பைச் சுற்றி செலோபேன் தாளைச் சுற்றிவைத்தார். ஆம், பரிசுப் பொட்டலம் கட்டுகிற அதே கண்ணாடித் தாள். அது உறுத்தி, சுற்றிலும் தழும்புத் திசு வளர்ந்து சுவரை இறுக்கும் என்பது எண்ணம். வெட்டி எடுத்து மாற்றும் முறை அன்று இல்லை. செலோபேன் ஆறு ஆண்டுக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் புடைப்பு கசியத் தொடங்கியபோது, நியூயார்க்கிலிருந்து வந்த அறுவை மருத்துவர் புதிய முறையில் முயன்று பார்க்கலாம் என்றார். 76 வயது ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். உயிரைச் செயற்கையாக நீட்டிப்பதில் தனக்கு ரசனை இல்லை, என் பங்கைச் செய்துவிட்டேன், போகும் நேரம் வந்தாயிற்று என்ற பொருளில் பேசினார். மருத்துவமனையில் தன் மூக்குக்கண்ணாடியையும் கணக்குத் தாள்களையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏப்ரல் 18 அதிகாலையில் இறந்தார்.

ஐன்ஸ்டைனுக்கு வாய் இருந்தது, சொன்னார். டிபேக்கிக்கு பிப்ரவரி 9 அன்று நினைவு இல்லை. அவருக்குப் பதிலாகக் குறிப்பேடு பேசியது, அது வேண்டாம் என்றது. நாற்பது ஆண்டு கூடவே நின்று வேலை செய்த ஜார்ஜ் நூன், அறுவை செய்யலாம் என்றார். குடும்பமும் அதையே கேட்டது. மருத்துவமனையின் மயக்க மருந்து நிபுணர்கள் முடியாது என்றார்கள். இந்த வயதில் இந்த அறுவையிலிருந்து பிழைத்தவர் யாரையும் அவர்கள் அறியவில்லை. மேசையிலேயே இறந்துவிடுவார் என்று அஞ்சினார்கள். அவருடைய எழுத்து வேறு எதிரே கிடக்கிறது. கதையில் இவர்களைக் கோழைகளாகக் காட்டுவது சுலபம், நான் அப்படிப் பார்க்கவில்லை. ஒருவர் நினைவோடு இருந்தபோது வேண்டாம் என்று எழுதிவைத்ததை, அவர் நினைவிழந்த பிறகு மீறலாமா என்று கேட்பவர் அந்த அறையில் ஒருவராவது இருக்கத்தான் வேண்டும்.

விவகாரம் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. இரவாகிக்கொண்டிருந்தது. உள்ளே விவாதம் நீள, வெளியே பொறுமையிழந்த மனைவி கேட்ரின் கதவைத் திறந்துகொண்டு நுழைந்தார். நீங்கள் பேசி முடிப்பதற்குள் என் கணவர் செத்துப்போவார், வேலையைப் பாருங்கள் என்று பொரிந்தார். குழு சம்மதித்தது. டிபேக்கியோடு பல ஆண்டு பணிபுரிந்த சல்வா ஷெனாக் என்ற மயக்கவியல் மருத்துவர் வேறொரு மருத்துவமனையிலிருந்து வந்து மருந்து கொடுக்க முன்வந்தார்.

ஏழு மணி நேரம். ரத்தத்தை ஓட்டிய இயந்திரத்தின் உருளைப் பம்பு, 1930-களில் மருத்துவ மாணவனாக இருந்தபோது டிபேக்கி வடிவமைத்ததன் வழிவந்தது. டூத்பேஸ்ட் டியூபை விரலால் நீவித் தள்ளுவது போல, ரத்தத்தைத் தொடாமலே குழாயை நீவி நகர்த்தும் பம்பு. வைத்துத் தைத்த குழாய் அவருடைய டெக்ரான். தைத்த கை அவரிடம் வளர்ந்த கை.

பிழைத்தார். ஆனால் பிழைப்பு என்ற சொல்லுக்குள் என்னென்ன இருந்தன என்றும் பார்க்க வேண்டும். தொண்டையில் துளையிட்டு, ஆறு வாரம் வென்டிலேட்டர். சிறுநீரகம் நின்று டயாலிசிஸ். வயிற்றில் குழாய் வழியே உணவு. தொற்றுகள். மே மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள், ஜூனில் திரும்பச் சேர்க்க வேண்டியதாயிற்று. மொத்தச் செலவு பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அவர் பெயரால் புகழ்பெற்ற மருத்துவமனை அவரிடம் பணம் வாங்கவில்லை. ஹூஸ்டனில் அதே இரவில் அதே வயதில் அதே வலியோடு வந்த பெயரில்லாத ஒருவருக்கு இதில் எத்தனை கிடைத்திருக்கும் என்று கேட்காமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. பிழைக்காதவர்களின் கதை நம் காதுக்கு வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 7-ஆம் தேதி, 98-வது பிறந்தநாளை வீட்டில் கொண்டாடினார். பேட்டரி வண்டியில் உட்கார்ந்து மருத்துவமனை வராந்தாக்களில் மறுபடி வலம்வரத் தொடங்கினார். அந்த இரவைப் பற்றிக் கேட்டவர்களிடம், தனக்கு எதுவுமே நினைவில்லை என்றார். வேண்டாம் என்று எழுதிவைத்தவர்தான். ஆனால் அறுவை செய்ததில் தனக்கு மகிழ்ச்சியே என்றும், உண்மையில் தான் இங்கே இருந்திருக்கவே கூடாது என்றும் சொன்னார். 2008 ஏப்ரலில் வாஷிங்டன் போய் நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கத்தை வாங்கிக்கொண்டார். அதே ஆண்டு ஜூலை 11 அன்று, நூறுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இறந்தார். தையல் போட்டு இரண்டு ஆண்டு, ஐந்து மாதம் ஆகியிருந்தது.